சில்லறை விஷயம்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போகிறவர்கள் பதினெட்டு அடி ஆஞ்சநேயரைப் பார்ப்பார்கள். ஸ்வரம் சொல்லும் இசைத் தூண்களைப் பார்ப்பார்கள். ஒரே சன்னிதியில் சிவன், விஷ்ணு, பிரம்மா மூன்று பேரையும் கும்பிட்டுவிட்டு, தெப்பக்குளத்துக் காற்றைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு கன்னியாகுமரி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். இதே கோயிலில் ஒரு காலத்தில் நெய் கொதித்துக்கொண்டிருந்தது. நைவேத்தியத்துக்கு இல்லை. விசாரணைக்கு!

கைமுக்கு என்று அதற்குப் பேர். திருவிதாங்கூர் ராஜ்ய காலம். ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, 'நான் நிரபராதி' என்று சாதித்தால் சுசீந்திரத்துக்கு வரவேண்டும். கொதிக்கிற நெய்யில் கையை விடவேண்டும். கையைத் துணியால் கட்டிவைத்து, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் நிரபராதி. வெந்திருந்தால் குற்றவாளி. சாபம் தீர்ந்து இந்திரன் சுத்தமான இடம் இது, 'சுசி இந்திரம்' என்ற பேரே அப்படித்தான் வந்தது என்கிறது தலபுராணம். ஆகவே பரீட்சைக்கும் இந்த இடம். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா, போதும் சாமி என்று இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

கொடுமைதான். ஆனால், அந்தக் கொடுமைக்குள்ளே ஒரு நியாயமான கேள்வி உட்கார்ந்திருக்கிறது. எதையெல்லாம் வாயால் சொன்னாலே ஒப்புக்கொள்ளலாம்? எதையெல்லாம் கைவிட்டு நிரூபித்தே ஆகவேண்டும்? கோர்ட்டில் இந்தக் கேள்வி உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் உண்டு. இதற்கென்றே இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை புழங்குகிறவர்கள் கணித மேதைகள். ஒன்று, ட்ரிவியல். இன்னொன்று, நான்-ட்ரிவியல். முதலாவதற்கு நெய் வேண்டாம். இரண்டாவதற்கு அடுப்பை மூட்டியாக வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. அதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. சுசீந்திரத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் நாகர்கோவிலில் காலேஜ் படித்த ஒருவரின் கதை அது. பேர், எஸ்.எஸ்.பிள்ளை. முழுப் பேர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ராமானுஜன் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவரை? அதுதான் விஷயமே. அவரிடம் போவதற்குள் அந்த வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாம்.

* * *

ட்ரிவியல் என்பதன் மூலம் லத்தீன். 'ட்ரி' என்றால் மூன்று. 'வியா' என்றால் பாதை. மூன்று பாதை கூடுமிடம். அதாவது, நம்ம முச்சந்தி! முச்சந்தியில் நின்று யார் வேண்டுமானாலும் பேசக்கூடிய, ஊருக்கே தெரிந்த சமாசாரம். மத்திய கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை என்ற மூன்று ஆரம்பப் பாடங்களுக்கு 'ட்ரிவியம்' என்று பேர். அதைத் தாண்டியவனுக்குத்தான் எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று அடுத்த நாலும். வேடிக்கை பாருங்கள், கணக்கு அந்த முச்சந்தியிலேயே இல்லை.

தமிழில் இதற்கு நம்மிடம் அருமையான ஒரு வார்த்தை இருக்கிறது. சில்லறை விஷயம். ப்ளஸ் டூ கணக்குப் புத்தகமோ இன்னும் மரியாதையாக 'வெளிப்படைத் தீர்வு' என்கிறது.

நான் காமர்ஸ் படித்தவன். என் பாஷையில் சொல்கிறேன். ஒருத்தர் புதுசாகக் கடை திறப்பதாகக் கணக்கெழுதக் கூப்பிடுகிறார். முதல் போடவில்லை, சரக்கு வாங்கவில்லை, விற்கவில்லை. சாயங்காலம் ட்ரையல் பேலன்ஸ் போடுகிறீர்கள். பற்று சைபர், வரவு சைபர். பிரமாதமாக டாலி ஆகிவிடும்! எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது. ஆனால், அதைக் காட்டி 'நான் கெட்டிக்கார அக்கவுன்டன்ட்' என்று சம்பள உயர்வு கேட்க முடியுமா?

ட்ரிவியல் தீர்வு என்பது இதுதான். தப்பில்லை, செல்லும். ஆனால் கேட்ட கேள்வியைப் பற்றி அது புதுசாக ஒன்றும் சொல்லாது. 1637 வாக்கில் ஃபெர்மா என்ற பிரெஞ்சு வக்கீல் ஒரு புத்தக ஓரத்தில் கிறுக்கிவைத்தாரே, நினைவிருக்கிறதா? ஓர் எண்ணின் கனத்தோடு இன்னோர் எண்ணின் கனத்தைக் கூட்டினால் மூன்றாவதாக ஓர் எண்ணின் கனம் வராது, மேலே எந்த அடுக்குக்குப் போனாலும் இதே கதைதான் என்று. 'ஏன் சார் வராது? 5-ன் கனத்தோடு 0-வின் கனத்தைக் கூட்டினால் 5-ன் கனம் வருகிறதே!' என்று ஒரு குறும்புக்காரப் பையன் கேட்கலாம். வாஸ்தவம். அதை ட்ரிவியல் என்று தள்ளிவைத்துவிட்டுத்தான் மற்றதைத் தேடினார்கள். மற்றது கிடையவே கிடையாது என்று ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபணத்தை அச்சில் கொண்டுவந்தபோது வருஷம் 1995. தள்ளிவைக்க அரை நிமிஷம். மிச்சத்துக்கு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல்.

ராமானுஜனின் புகழ்பெற்ற 1729 கூட இப்படித்தான். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்றார். 1-ன் கனமும் 12-ன் கனமும். 9-ன் கனமும் 10-ன் கனமும். '12-ன் கனம் கூட்டல் 1-ன் கனம்' என்று திருப்பி எழுதிவிட்டு இரண்டாவது விதம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? அந்தத் திருப்பிப் போடுதல், ட்ரிவியல். 9-ம் 10-ம், நான்-ட்ரிவியல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ட்ரிவியல் என்றால் 'சுலபம்' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ரீமான் என்ற ஜெர்மானியர் 1859-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சமன்பாடு வருகிறது. பகா எண்களின் ரகசியமெல்லாம் அது எங்கே பூஜ்யமாகிறது என்பதில் இருக்கிறது. மைனஸ் 2, மைனஸ் 4, மைனஸ் 6 என்று வரிசையாகப் பூஜ்யமாகும் இடங்களுக்கு 'ட்ரிவியல் பூஜ்யங்கள்' என்றே பேர். அவை ஏன் அங்கே வருகின்றன என்று புரிய எம்.எஸ்ஸி. கணக்கு வேண்டும். இருந்தாலும் ட்ரிவியல்! ஏனென்றால் அவை பைசலான கணக்கு. எங்கே, எத்தனை என்று வரவு வைத்தாயிற்று. மற்ற பூஜ்யங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதுதான் இன்றுவரை பைசலாகாத பாக்கி. கிளே இன்ஸ்டிட்யூட் 2000-ல் அதற்கு வைத்த பரிசு பத்து லட்சம் டாலர்.

ஆக, ட்ரிவியல் என்றால் மட்டம் என்று பொருளில்லை. 'இதில் பாக்கி ஒன்றுமில்லை, பாக்கி எங்கே என்று தேடுவோம்' என்று பொருள். சரி, இப்போது பிள்ளைவாளைப் பார்க்கப் போகலாம்.

* * *

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊர். 1901, ஏப்ரல் 5-ம் தேதி பிறந்தார். ஒரு வயசில் அம்மா கோமதி அம்மாள் போய்விட்டார். செங்கோட்டையில் பள்ளிப்படிப்பு. பள்ளியின் கடைசி வருஷத்தில் அப்பா சுப்பையா பிள்ளையும் போய்விட்டார். அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டியது. ஓர் ஆசிரியர் கைகொடுத்தார். பையன் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான். அப்புறம் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. கே.ஆனந்த ராவ், ஆர்.வைத்தியநாதசாமி என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகளின் நிழலில் இரண்டு வருஷம். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமானது. அந்த வருஷமே பிள்ளை அங்கே விரிவுரையாளர். அடுத்த பன்னிரண்டு வருஷமும் அங்கேதான்.

அங்கே உட்கார்ந்து அவர் கையிலெடுத்த கணக்கை உங்களுக்குச் சில்லறைக் காசு வைத்துச் சொல்லிவிடலாம்.

ஒரு தேசம். அந்த ஊர் ராஜா கொஞ்சம் கிறுக்கு. ஓர் எண்ணை ஆறு தடவை அடுக்கிப் பெருக்கினால் என்ன வருமோ, அந்த மதிப்பில் மட்டும்தான் நாணயம் அடிப்பேன் என்கிறான். ஒன்றை ஆறு தடவை அடுக்கினால் 1. அது ஒரு ரூபாய்க் காசு. இரண்டை அடுக்கினால் 64. அடுத்தது மூன்று, 729. அப்புறம் 4,096. அப்புறம் 15,625. இப்படியே மேலே மேலே. இந்தக் காசுகளைத் தவிர வேறு கிடையாது. கடைக்காரர் மீதிச் சில்லறையும் தரமாட்டார். சரியாக எண்ணிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி இதுதான். எந்த விலைக்கு எது வாங்கப் போனாலும் கஷ்டமில்லாமல் இருக்க, பையில் அதிகபட்சம் எத்தனை காசுக்கு இடம் வேண்டும்?

703 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கப் போய்ப் பாருங்கள். 729 காசு உதவாது, பெரிசு. ஆக 64-ம் 1-ம்தான் கதி. பத்து 64 வைத்தால் 640. இன்னொரு 64 வைத்தால் 704 ஆகிவிடும், ஒரு ரூபாய் ஜாஸ்தி! ஆகவே மிச்சம் 63-ஐயும் ஒற்றை ஒற்றை ரூபாயாகக் கொட்ட வேண்டியதுதான். 10-ம் 63-ம் சேர்ந்து 73 காசு. இதைவிடக் குறைவாக முடியாது. ஆகவே, குறைந்தது 73 காசுக்காவது பையில் இடம் வேண்டும்.

இதைப் பார்க்க மேதையாக இருக்க வேண்டியதில்லை. சந்தையில் கீரை விற்கிற ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கணக்கு உலகில் இந்தப் பாதிக்கு மரியாதையாக வைத்த பேர், ட்ரிவியல். 1772 வாக்கிலேயே இதைக் கண்டுசொன்னவர், மகாமேதை ஆய்லரின் மகன் யோஹான் ஆல்பிரெக்ட் ஆய்லர். எந்த அடுக்கை எடுத்தாலும், மூன்றின் காசுக்குச் சற்றுக் கீழே இப்படி மாட்டிவிடுகிற ஒரு விலை இருந்தே தீரும் என்றார். வர்க்கக் காசில் அந்த விலை 7. நாலு காசு வேண்டும். கனத்தில் 23. ஒன்பது காசு. நாலாம் அடுக்கில் 79. பத்தொன்பது காசு. அஞ்சாம் அடுக்கில் 223. முப்பத்தேழு காசு.

இன்னொரு பாதி? 73 காசு இருந்தால் உலகத்தில் எந்த விலைக்கும் போதும், 74-வது காசு எவனுக்கும் எக்காலத்திலும் தேவைப்படாது என்று சொல்ல முடியுமா? விலைக்கோ முடிவில்லை. கோடி கோடியாக ஒவ்வொரு விலையாகப் பார்த்துக்கொண்டே போனாலும் ஆயுசு தீரும், விலை தீராது. இதுதான் நெய் கொதிக்கிற இடம்.

* * *

இந்தக் கேள்வியை 1770-ல் கிளப்பிவிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வேரிங். வர்க்கத்துக்கு நாலு, கனத்துக்கு ஒன்பது, நாலாம் அடுக்குக்குப் பத்தொன்பது, இப்படியே மேலே என்று ஒரு போடு போட்டார். நிரூபணம் தரவில்லை. அதே 1770-ல் வர்க்கத்துக்கு நாலு போதும் என்று லக்ராஞ்ச் நிரூபித்துவிட்டார். அப்புறம் தேர் நகரவில்லை. 1909-ல் ஹில்பர்ட் வந்து, எந்த அடுக்கானாலும் ஏதோ ஓர் எண்ணிக்கைக் காசு போதும் என்று நிரூபித்தார். அந்த எண்ணிக்கை என்ன என்பதை அவர் நிரூபணம் சொல்லாது. கனத்துக்கு ஒன்பது என்பதும் 1909-ல் வீஃபெரிஷ், 1912-ல் கெம்ப்னர் என்று இரண்டு பேர் கைபட்டுத்தான் முடிந்தது.

அடுத்த பெரிய கருவி வந்த வழியைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் கர்வம் வரும். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்பதற்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதை எடுத்து ஹார்டியும் லிட்டில்வுட்டும் வேரிங் கணக்கில் பிரயோகித்தார்கள். அதை இன்னும் தீட்டிக் கூராக்கியவர் ரஷ்யாவின் வினோகிரதோவ். கும்பகோணத்துக்காரர் கைவைத்த கருவி கேம்பிரிட்ஜ் போய், ரஷ்யா போய், சிதம்பரத்துக்குத் திரும்பி வந்தது!

இந்தக் கருவியின் குணம் விசித்திரமானது. பிரம்மாண்டமான விலைகளை அது சுலபமாகச் சமாளித்துவிடும். ஏனென்றால் விலை பெரிசாக ஆக, பொருத்திப் பார்க்க விதவிதமான காசுகள் கிடைக்கும். குறைந்த காசே போதும். தகராறு பண்ணுவதெல்லாம் சின்ன விலைகள்தான். கனக் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது காசு தேவைப்படும் விலைகள் மொத்தமே இரண்டு, 23-ம் 239-ம். எல்லையில்லாத எண்களில் இரண்டே இரண்டு! ஆக, உண்மையான வம்பு சில்லறையில்தான் இருந்தது. கருவி வேலை செய்ய ஆரம்பிக்கும் பிரம்மாண்ட எண்ணுக்கும், நாம் கையால் எண்ணிப் பார்க்க முடிகிற சின்ன எண்ணுக்கும் நடுவே ஓர் அகழி. அதற்குப் பாலம் போடவேண்டும்.

1930-களின் நடுவில் இரண்டு பேர் அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். ஒருவர், அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லெனார்ட் டிக்ஸன். எண் கணிதத்தின் வரலாற்றையே மூன்று பெரிய வால்யூமில் எழுதியவர், ஜாம்பவான். இன்னொருவர், சிதம்பரத்தில் புத்தம் புதுப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் பிள்ளை. தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே சமயத்தில். ஏழும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளும், ஒரே ஒரு சின்ன நிபந்தனையோடு, இவர்கள் இருவர் வேலையில் தீர்ந்தன. முச்சந்தியில் நின்று பார்த்தாலே தெரிகிற அந்த 'மாட்டிவிடும் விலை'தான் உண்மையிலேயே மோசமான விலை, அதைவிட மோசம் எதுவும் கிடையாது என்று.

ஆறாம் அடுக்கு மட்டும் முரண்டு பிடித்தது. அதை அடக்கியவர் பிள்ளை, தனியாளாக, 1940-ல். விடை? 73.

கவனியுங்கள். 1772-ல் 'குறைந்தது 73'. 1940-ல் 'சரியாக 73'. எண் மாறவில்லை! பேப்பரில் போட்டால் செய்தியே கிடையாது. 'இதைத்தான் அப்பவே சொன்னோமே' என்று முச்சந்தி சிரிக்கும். நடுவே 168 வருஷம் போயிருக்கிறது. ட்ரிவியலுக்கும் நான்-ட்ரிவியலுக்கும் நடுவிலுள்ள தூரம் என்று சொன்னேனே, அது இதுதான். விடையைப் பார்த்தால் அந்தத் தூரம் தெரியாது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் அடுக்கின் 37-ஐ 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தார். நாலாம் அடுக்கின் 19 கடைசிவரை இழுத்தடித்து, 1986-ல் முடிந்தது. முடித்த மூவரில் இரண்டு பேர் பிரெஞ்சுக்காரர்கள், டெஷூயேவும் ட்ரெஸ்ஸும். மூன்றாமவர் நம்ம ஆர்.பாலசுப்ரமணியன். சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர்.

* * *

'சரி சார், 1772-லேயே விடை தெரிந்துவிட்டது. சும்மா அதை நிரூபிக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பார்த்தாலே தெரியுதே' என்று கேட்கலாம். பார்த்தாலே தெரிவதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பிள்ளையே ஓர் உதாரணம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுங்கள். 14, 15. இரண்டையும் சேர்த்து வகுக்கிற பொது எண் 1-ஐத் தவிர வேறு கிடையாது. எந்த இரண்டு அடுத்தடுத்த எண்ணுக்கும் அப்படித்தான். இது ட்ரிவியல். மூன்று எண் எடுத்தால் நடுவில் இருப்பது மற்ற இரண்டோடும் ஒட்டாது. அதுவும் ட்ரிவியல். நாலு எடுங்கள், அஞ்சு எடுங்கள். எப்போதும் யாரோடும் ஒட்டாத, மற்ற எல்லோரோடும் பொது வகுத்தி இல்லாத ஓர் ஒண்டிக்கட்டை கூட்டத்தில் இருந்தே தீரும். பத்து எண்ணுக்கும் சரி. பதினஞ்சுக்கும் சரி. பதினாறுக்கும் சரி. இத்தனை பார்த்த பிற்பாடு யாரும் சொல்வார்கள், 'இது எப்பவும் இப்படித்தான், விடுப்பா'.

பதினேழில் உடைகிறது! 2184-லிருந்து 2200 வரை பதினேழு எண்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாம் 2-ஆல் ஒட்டிக்கொண்டவை. 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல் ஒட்டும். 2185-ம் 2195-ம் 5-ஆல். 2191 போய் 2184-உடன் 7-ஆல் ஒட்டுகிறது. 2197 அதே 2184-உடன் 13-ஆல். 2189 ஓடிப்போய் 2200-ஐ 11-ஆல் பிடித்துக்கொள்கிறது. ஒண்டிக்கட்டை ஒருவர்கூட இல்லை. பதினாறு வரை எப்போதும் சரி, பதினேழில் தப்பு என்று 1940-ல் எழுதியவர் பிள்ளை. பதினாறு தடவை உண்மை சொன்னவன் பதினேழாவது தடவையும் சொல்வான் என்று மனிதர்களை நம்பலாம். எண்களை நம்பக் கூடாது.

* * *

இப்போது அந்த வார்த்தையின் இன்னொரு முகம். இதைப் பேசாமல் விட்டால் பாதிக் கதைதான்.

கணித உலகில் பல பேர் தலையில் கட்டிச் சொல்லப்படும் ஒரு ஜோக் உண்டு. புரொபசர் போர்டில் ஒரு வரி எழுதி, 'இது ட்ரிவியல்' என்கிறார். ஒரு மாணவன் கையைத் தூக்கி, 'எப்படி சார்?' என்கிறான். புரொபசர் நிற்கிறார். யோசிக்கிறார். தாடையைத் தடவுகிறார். ரூமை விட்டு வெளியே போகிறார். அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து, 'ஆமாம்ப்பா, ட்ரிவியல்தான்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பிரின்ஸ்டனில் படித்த காலத்தில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் தன் கணித நண்பர்களைக் கலாய்த்ததும் இதை வைத்துத்தான். நிரூபித்து முடித்த எல்லாவற்றையும் நீங்கள் ட்ரிவியல் என்கிறீர்கள், ஆகவே ட்ரிவியலானதை மட்டும்தான் உங்களால் நிரூபிக்க முடியும் என்று!

சிரிப்புதான். ஆனால் இங்கே ட்ரிவியல் என்ற வார்த்தை வேறு வேலை பார்க்கிறது. சைபர் போட்டால் டாலி ஆகும் என்பது எனக்கும் உங்களுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் ஒன்று. யார் பார்த்தாலும் மாறாது. 'இது கூடவா தெரியலை?' என்கிற ட்ரிவியல் அப்படியில்லை. அது சொல்கிறவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ஏறி முடித்தவனுக்கு ஏணி தெரியாது. நம்ம ஊர் கணக்கு வகுப்புகளில், 'ஈஸிதான், நீங்களே போட்டுக்குங்க' என்று டஸ்டரைத் தட்டிவிட்டுப் போகும் நிமிஷத்தில் கடைசி பெஞ்சில் எத்தனை பேர் கணக்குக்கே கும்பிடு போட்டிருக்கிறார்கள்!

சுசீந்திரத்தில் நடந்த வேறொரு சரித்திரத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கோயிலைச் சுற்றி இருக்கும் தெருவில் நடப்பது எவ்வளவு சின்ன விஷயம்? கால் இருந்தால் போதும். 1926-ல் அந்தத் தெருவில் நடக்க ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உரிமை கேட்டு சத்தியாக்கிரகம் நடந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்.இ.நாயுடு முன்னால் நின்றார். தீரவில்லை. 1930-ல் மறுபடி போராட்டம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிற்பாடுதான், தெருவென்ன, கோயிலே திறந்தது. தினம் அந்தத் தெருவில் போய் வந்தவனுக்கு அது ட்ரிவியல். தடுத்து நிறுத்தப்பட்டவனுக்குப் பத்து வருஷப் போராட்டம். தெரு ஒன்றுதான், நின்ற இடம் வேறு.

நல்ல கணிதம் இந்த வார்த்தையை முதல் அர்த்தத்தில் பிரயோகிக்கும். எது பைசல், எது பாக்கி என்று கோடு கிழிக்கும். இரண்டாவது அர்த்தத்தில் பிரயோகித்தால் அது கணிதமே இல்லை, வெறும் பந்தா. கோடு கிழித்த பிற்பாடு கணிதத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கைமுக்கு மாதிரி இன்னாரின் கை, இன்ன ஜாதி என்று கிடையாது. பிள்ளையின் 73-ஐ சிகாகோக்காரரும் சரிபார்க்கலாம், செங்கோட்டைக்காரரும் சரிபார்க்கலாம். கை வேகாது.

* * *

பிள்ளை 1941-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே கல்கத்தா பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொண்டது. 1950-ல் பெரிய அழைப்பு வந்தது. அமெரிக்காவில் ப்ரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருஷம் தங்கலாம். ஐன்ஸ்டைன் இருந்த இடம். போகிற வழியில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. அதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி. அம்மா அப்பா இல்லாமல், ஓர் ஆசிரியரின் தயவில் நாகர்கோவிலுக்குப் படிக்க வந்த பையன்!

மாநாடு ஆகஸ்ட் 30-ம் தேதி தொடங்கியது. 31-ம் தேதி, கெய்ரோவிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 903 விமானம் எஞ்ஜினில் தீப்பிடித்து எகிப்தியப் பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. சண்டிகர் நகரத்துக்கு முதலில் திட்டம் வரைந்த போலந்து கட்டடக் கலைஞர் நோவிட்ஸ்கி அதில் இருந்தார். எகிப்திய சினிமா நடிகை காமிலியா இருந்தார். பிள்ளையும் இருந்தார். வயது 49.

அவர் எழுதியதையெல்லாம் திரட்டித் தொகுப்பாக்க அறுபது வருஷம் ஆனது. 2010-ல் ராமானுஜன் கணிதக் கழகம் வெளியிட்டது. தொகுத்தவர்கள் இருவர். ஆர்.தங்கதுரை ஒருவர். இன்னொருவர், அந்த 19-ஐ முடித்துவைத்த அதே பாலசுப்ரமணியன். வேரிங் கணக்கின் ஆறாம் அடுக்கை முடித்தவருக்கு நாலாம் அடுக்கை முடித்தவர் செய்த மரியாதை.

கணக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பெரிய அடுக்குகளுக்கு 'சின்ன நிபந்தனை' என்று சொன்னேனே, அது உடையக்கூடிய அடுக்குகள் இருந்தாலும் எண்ணி முடிகிற அளவுதான் என்று 1957-ல் மாலர் நிரூபித்தார். 1990-க்குள் 47 கோடி அடுக்கு வரை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றுகூட உடையவில்லை. உடையவே உடையாது என்று மட்டும் இன்னும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பதினேழு ஞாபகம் இருக்கிறதல்லவா? அதனால் காத்திருக்கிறார்கள்.

பிள்ளை நமக்கென்று விட்டுப்போன இன்னொரு பாக்கியும் இருக்கிறது. வர்க்கம், கனம், நாலாம் அடுக்கு, அஞ்சாம் அடுக்கு என்று எல்லா அடுக்கு எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... 8-ம் 9-ம் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இதுபோல ஒட்டி நிற்கும் ஜோடி வேறு கிடையாது என்று 1844-ல் காட்டலான் ஊகித்தார். 2002-ல் ருமேனியாவில் பிறந்த மிஹய்லெஸ்கு நிரூபித்தார். பிள்ளையின் ஊகம் இன்னும் பெரிசு. இடைவெளி ஒன்று மட்டுமில்லை, இரண்டோ மூன்றோ நூறோ, எந்த இடைவெளியைச் சொன்னாலும் அந்த இடைவெளியில் நிற்கும் ஜோடிகள் எண்ணி முடிகிற அளவுதான் என்றார் அவர்.

இரண்டு வித்தியாசத்தில் 25-ம் 27-ம் நிற்பதை இப்போதே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அது ட்ரிவியல். அப்படிப்பட்ட ஜோடிகள் எப்போதாவது தீர்ந்துபோகுமா? ஒன்றைத் தவிர வேறு எந்த இடைவெளிக்கும் இதுவரை பதில் கிடையாது. வெறும் இரண்டுக்குக்கூட.